வூப்பி பைக்குள் ஊதியது யார்?

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கனடாவை ஒட்டி, மெய்ன் என்றொரு மாநிலம் இருக்கிறது. காடும் குளிரும் நிறைந்த இடம். அங்கே 2011ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. வூப்பி பை என்னும் தின்பண்டம்தான் இனி மெய்ன் மாநிலத்தின் அதிகாரபூர்வத் தின்பண்டம் என்றது அந்தச் சட்டம். அதே ஆண்டு மார்ச் மாதம் சவுத் போர்ட்லண்ட் என்ற ஊரில் 482 கிலோ எடையில் ஒரே ஒரு வூப்பி பையைச் செய்து உலக சாதனையும் படைத்தார்கள்.

அப்படி என்ன தின்பண்டம் இது? உள்ளங்கை அகலத்தில் இரண்டு வட்டச் சாக்லேட் கேக்குகள். ஒவ்வொன்றுக்கும் அடிப்பக்கம் தட்டை, மேல்பக்கம் மேடு. தட்டைப் பக்கங்கள் உள்ளே வரும்படி இரண்டையும் சேர்த்து, நடுவில் வெள்ளை வெளேரென்று மார்ஷ்மல்லோ பூரணம் வைத்திருப்பார்கள். மெய்னில் லூயிஸ்டன் நகரத்து லபாடி பேக்கரிக்காரர்கள் 1925 முதல் தாங்கள் இதைச் செய்துவருவதாகச் சொல்கிறார்கள். பென்சில்வேனியா மாநிலத்தில் லங்காஸ்டர் வட்டார ஆமிஷ் மக்களோ, இது எங்கள் பாட்டிமார் பண்டம் என்கிறார்கள். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சாக்கோ பையை இதற்குச் சித்தப்பா மகன் என்று சொல்லலாம். அதன் நடுவில் இருக்கும் வெள்ளை அடுக்கும் மார்ஷ்மல்லோதான்.

நான் உங்களிடம் பேச விரும்புவது வேறொரு விஷயம். வூப்பி பையிலிருந்து ஒரு துண்டுக் கேக்கைக் கிள்ளி விரல்களுக்கு நடுவில் வைத்து நன்றாக நசுக்குங்கள். எவ்வளவு சிறிதாகிவிடுகிறது! மார்ஷ்மல்லோ ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதக்கும். சர்க்கரைப் பாகு தண்ணீரில் மூழ்க வேண்டியது. ஆனால் சர்க்கரைப் பாகில் செய்த மார்ஷ்மல்லோ மிதக்கிறது. காரணம் காற்று. கேக்கில் ஏறக்குறைய பாதி இடத்தை வாயுக் குமிழிகள்தான் நிரப்பியிருக்கின்றன. வெள்ளைப் பூரணத்திலோ பாதிக்கும் மேல். அத்தனை குமிழிகளையும் உண்டாக்கியது யார்? ஊதிப் பெரிதாக்கியது யார்? உடையாமல் பிடித்து வைத்திருப்பது யார்? இந்த மூன்று வேலைகளையும் மூன்று வேறு ஆட்கள் செய்கிறார்கள்.

முதலில் கேக்கைப் பார்ப்போம். கேக் ஏன் உப்புகிறது என்று கேட்டால், சமையல் சோடா போட்டதால் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். அது பாதி விடைதான். சோடா வாயுவைத் தரும். ஆனால் புதுக் குமிழி ஒன்றைக்கூட அதனால் மாவுக்குள் தொடங்க முடியாது. இதைக் கேட்டதும் எனக்கு முதலில் நம்ப முடியவில்லை. பிறகு ஒரு கண்ணாடித் தம்ளரில் சோடா பானத்தை ஊற்றிக் கவனித்தேன். குமிழிகள் எங்கே பார்த்தாலும் கிளம்புவதில்லை. தம்ளரின் உட்புறத்தில் சில புள்ளிகளிலிருந்து மட்டும் சரம் சரமாக ஏறுகின்றன. அந்தப் புள்ளிகளில் ஏதோ ஒரு கீறலிலோ தூசியிலோ ஏற்கெனவே துளிக் காற்று ஒட்டிக்கொண்டிருக்கும். பானத்தில் கரைந்திருக்கும் வாயு அந்தத் துளிக் காற்றுக்குள் புகுந்து அதைப் பெரிதாக்குகிறது. நீங்களும் உற்றுப் பாருங்கள், தெரியும்.

ஏன் இப்படி? குமிழியைச் சுற்றியுள்ள திரவத்தின் மேற்பரப்பு எப்போதும் சுருங்கப் பார்க்கும். குமிழி எவ்வளவு சிறியதோ அவ்வளவு அதிகமாக அது குமிழியை அழுத்தும். ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு குமிழி பிறக்க வேண்டுமென்றால் தொடக்கத்தில் அது மிக மிகச் சிறியதாகத்தானே இருக்கும்? அந்த அழுத்தத்தை எதிர்த்து நிற்கச் சோடாவின் வாயுவுக்கு வலு போதாது. சோடா ஊதத் தெரிந்த ஆள், ஆனால் பலூன் வேறொருவர் கொண்டுவந்து தர வேண்டும்.

பலூன் கொண்டுவருவது வெண்ணெயும் சர்க்கரையும். கேக் செய்பவர்கள் முதல் வேலையாக இரண்டையும் சேர்த்துக் குழைத்து அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சர்க்கரைப் பரல்களுக்குக் கூர்முனைகள் உண்டு. அவை வெண்ணெயைக் கீறிக்கொண்டு போகும்போது காற்றும் கூடவே உள்ளே இழுபடுகிறது. ஐந்து நிமிடம் அடித்தால் வெண்ணெயின் நிறம் வெளுத்துவிடும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான குமிழிகள் சேர்ந்துவிட்டன என்பதற்கு அந்த வெளுப்பே அடையாளம்.

நம் ஊர் வெயிலில் இங்கேதான் ஒரு சிக்கல் வரும். வெண்ணெய் சுமார் 20 டிகிரி செல்சியஸில் இருந்தால் குழையும், காற்றையும் பிடித்துக்கொள்ளும். நம் சமையலறையில் 32, 33 டிகிரி இருக்கும்; வெண்ணெய் எண்ணெயாகத் தொடங்கிவிடும். எண்ணெய் காற்றைப் பிடிக்காது. ஆகவே குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சில நிமிடங்களுக்குள், விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் பதத்தில், அடிக்கத் தொடங்கிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை: மாவில் ஒரு பங்கை உருக்கிய வெண்ணெயிலும் மறு பங்கைக் குழைத்த வெண்ணெயிலும் செய்து, வெந்ததும் இரண்டையும் குறுக்கே வெட்டிப் பாருங்கள். துளைகளின் அளவிலேயே வேறுபாடு தெரியும்.

இப்போது சோடா வரட்டும். சமையல் சோடாவின் வேதிப்பெயர் சோடியம் பைகார்பனேட். அமிலத்தைச் சந்தித்தால் கார்பன் டை ஆக்சைடு வாயுவை விடும். ஒரு தேக்கரண்டிச் சோடா சுமார் 5 கிராம். அது முழுவதும் அமிலத்தோடு சேர்ந்தால் அறை வெப்பநிலையிலேயே ஏறத்தாழ 1.4 லிட்டர் வாயு வரும். ஒரு தேக்கரண்டிக்குள் ஒரு பெரிய தண்ணீர்ப் புட்டியளவு வாயு! அடுப்புச் சூட்டில் அது இன்னும் விரியும்.

அமிலம் எங்கிருந்து வருகிறது? மெய்ன் வீடுகளில் புளித்த கெட்டி மோர் சேர்ப்பார்கள். நாம் புளித்த தயிரில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கடைந்துகொண்டால் போதும். அதில் லாக்டிக் அமிலம் இருக்கிறது. கொக்கோத் தூளும் இயல்பில் கொஞ்சம் அமிலம்தான். ஆனால் கொக்கோவில் இரண்டு வகை உண்டு. நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பத்தார் 1828இல் கொக்கோவிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் அழுத்தியந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். கொக்கோவைக் காரத்தோடு சேர்த்துப் பக்குவப்படுத்தும் முறையையும் கொண்டுவந்தார்கள். அப்படிப் பக்குவப்படுத்திய தூள் கருமையாக இருக்கும், கசப்புக் குறையும், அமிலமும் போய்விடும். உங்கள் வீட்டுப் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். காரம் சேர்த்தது என்று போட்டிருந்தால் சோடாவுக்கு வேண்டிய அமிலம் முழுவதையும் மோர்தான் தந்தாக வேண்டும். மோர் நன்றாகப் புளித்திருக்கட்டும். அமிலம் போதாமல் சோடா மிஞ்சினால் கேக்கில் சோப்பு வாடை அடிக்கும்.

காரமும் அமிலமும் விளையாடும் விளையாட்டைக் கண்ணால் பார்க்க மஞ்சள் தூள் போதும். தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சள் கலந்து சோடாவைப் போடுங்கள். சிவந்துவிடும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவப்பதற்கும் இதுவே காரணம். பிறகு எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். நுரைத்துக்கொண்டே மறுபடி மஞ்சளாகும். கொக்கோவிலும் காரம் பட்டால் நிறம் மாறும் பொருள்கள் இருக்கின்றன. சோடா போட்ட சாக்லேட் கேக் அடர்ந்த நிறம் பெறுவதற்கு அவையும் ஒரு காரணம்.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். 115 கிராம் வெண்ணெயையும் 200 கிராம் நாட்டுச் சர்க்கரையையும் வெளுக்கும்வரை அடித்து, ஒரு முட்டையைச் சேர்த்து மறுபடி அடியுங்கள். 250 கிராம் மைதா, 50 கிராம் கொக்கோ, ஒன்றேகால் தேக்கரண்டிச் சமையல் சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு இவற்றைச் சலித்து வையுங்கள். மாவில் கொஞ்சம், மோரில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிச் சேருங்கள். மோர் மொத்தம் 240 மில்லி. கலந்ததும் சோடா வேலையைத் தொடங்கிவிடும், ஆகவே மாவைக் காக்க வைக்காதீர்கள். தட்டில் காகிதம் விரித்து, இடம் விட்டு இடம் விட்டு ஒரு கரண்டி மாவாக வையுங்கள். 175 டிகிரிக்குச் சூடேற்றிய ஓவனில் சுமார் 12 நிமிடம்.

அந்த 12 நிமிடமும் கண்ணாடிக் கதவு வழியாகப் பாருங்கள், மிக அழகான காட்சி அது. மாவு முதலில் கொஞ்சம் பரவும். பிறகு ஓரம் நின்றுவிடும், நடு எழும்பும். குமிழிகளில் இருக்கும் காற்று விரிகிறது, சோடாவின் வாயு சேர்கிறது, தண்ணீர் ஆவியாகி அதுவும் உள்ளே புகுகிறது. இன்னொரு பக்கம் மாவின் ஸ்டார்ச் தண்ணீரை உறிஞ்சி வீங்கி, முட்டையின் புரதமும் இறுகிக் குமிழிகளின் சுவர் கெட்டிப்படுகிறது. ஓரம் மெலிதாக, சூடான தட்டை ஒட்டி இருப்பதால் அங்கேதான் முதலில் இறுகும். நடுவில் தாமதம். அந்தத் தாமதத்தில் நடு மட்டும் இன்னும் எழும்புகிறது. அச்சு எதுவும் இல்லாமலே வூப்பி பைக்கு மேடு வருவது இப்படித்தான். சுவர் இறுகும் முன் கதவைத் திறந்து குளிர்காற்றை விட்டால் குமிழிகள் சுருங்கிக் கேக் அமுங்கிவிடும். பொறுமையாக இருங்கள்.

கேக்கில் குமிழிகளைப் பிடித்து வைத்தது சூட்டில் இறுகிய சுவர். வெள்ளைப் பூரணத்தில் கதை வேறு. அங்கே எதுவும் கேக்கைப் போல வெந்து கெட்டியாவதில்லை, ஆனாலும் குமிழி உடையாமல் நிற்கிறது.

முட்டையின் வெள்ளைக் கருவில் 100 பங்குக்கு ஏறக்குறைய 90 பங்கு தண்ணீர், மீதி பெரும்பாலும் புரதம். புரத மூலக்கூறுகள் சுருண்டு கிடக்கும். அடிக்க அடிக்க அவை சுருள் அவிழ்கின்றன. ஒவ்வொன்றிலும் தண்ணீரை விரும்பும் பகுதியும் உண்டு, விலகும் பகுதியும் உண்டு. ஆகவே தண்ணீரும் காற்றும் சந்திக்கும் குமிழிச் சுவரில் போய் நின்றுகொண்டு பக்கத்து மூலக்கூறுகளோடு கைகோக்கின்றன. மஞ்சள் கரு ஒரு சொட்டு விழுந்தாலும் இது கெட்டுவிடும்; அதிலுள்ள கொழுப்பு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பாத்திரம் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

நுரைக்கு ஒரு ஆபத்து உண்டு. சிறிய குமிழிக்குள் அழுத்தம் அதிகம் என்று சொன்னேன் அல்லவா? அதனால் சிறிய குமிழியின் காற்று மெல்லக் கசிந்து பக்கத்தில் உள்ள பெரிய குமிழிக்குள் போய்விடும். சிறியது காணாமல் போகும், பெரியது இன்னும் பெரிதாகும். இன்னொரு பக்கம், சுவர்களில் உள்ள தண்ணீர் கீழே வடிந்துகொண்டே இருக்கும். துணி ஊற வைத்த வாளியில் சோப்பு நுரையைப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் இரண்டும் தெரியும்.

இதைத் தடுப்பது சர்க்கரைப் பாகு. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். சர்க்கரை கரைந்த தண்ணீர் அதைவிட அதிகச் சூட்டில்தான் கொதிக்கும். கொதித்து ஆவி போகப் போகப் பாகு கெட்டியாகி, கொதிநிலையும் ஏறும். 115 டிகிரி வந்தால் பாகில் 100க்குச் சுமார் 85 பங்கு சர்க்கரை. வெப்பமானி காட்டும் எண்ணைப் பார்த்தால் போதும், பாகில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று தெரிந்துவிடும். வெப்பமானி இல்லாமலே நம் வீடுகளில் இதைக் கண்டுபிடிக்கிறார்களே! அதிரசத்துக்குப் பாகு வைக்கும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் திரட்டி, உருட்ட வருகிறதா என்று பார்ப்பார்கள். மார்ஷ்மல்லோப் பூரணத்துக்கும் அந்த உருட்டுப் பதம்தான் வேண்டும். 150 கிராம் சர்க்கரையும் 60 மில்லி தண்ணீரும் காய்ச்சி, அந்தப் பதம் வந்ததும், நுரைத்து நிற்கும் இரண்டு முட்டை வெள்ளைக் கருவில் மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே அடிக்க வேண்டும். பாகு கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு கடுமையாகச் சுட்டுவிடும். இந்த வேலையைப் பெரியவர்தான் செய்ய வேண்டும். பாகின் சூடு பச்சை முட்டையில் இருக்கக்கூடிய கிருமிகளை அழிக்க உதவுகிறது. அதன் பிசுபிசுப்பு சுவர்களிலிருந்து தண்ணீரை வடியவிடாமல் நிறுத்துகிறது.

வெள்ளைக் கருவுக்கும் பாகுக்கும் நிறமில்லை. அடித்ததும் எப்படிப் பால் வெள்ளையாகிறது? ஒவ்வொரு குமிழிச் சுவரிலும் ஒளி பட்டுத் திரும்பி, வளைந்து, நாலாபக்கமும் சிதறுகிறது. எல்லா நிறங்களும் சமமாகச் சிதறினால் நம் கண்ணுக்கு அது வெள்ளை. அலையின் நுரை வெள்ளையாக இருப்பதும் இதனால்தான்.

மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சாமர்வில் நகரில் ஆர்ச்சிபால்ட் குவெரி என்பவர் 1917இல் இப்படியொரு நுரைப் பூரணத்தைத் தன் வீட்டுச் சமையலறையில் செய்து வீடு வீடாக விற்றார். முதல் உலகப் போர்க் காலத்தில் சர்க்கரை கிடைக்காமல் போகவே தொழில் நின்றது. அவருடைய செய்முறையை டர்க்கி, மோவர் என்ற இரு மிட்டாய்க்காரர்கள் 500 டாலருக்கு வாங்கினார்கள். ஃப்ளஃப் என்ற பெயரில் அதே மாநிலத்து லின் நகரில் இன்றும் அது தயாராகிறது. மெய்னில் பல வீடுகளில் வூப்பி பைக்குள் போவது அந்த ஃப்ளஃப்தான்.

கையில் எடுத்து மெல்லும் கட்டி மார்ஷ்மல்லோவில் இன்னொரு ஆள் உண்டு. ஐரோப்பாவின் சதுப்பு நிலங்களில் வளரும் ஒரு செடியின் வேரிலிருந்து வரும் கொழகொழப்பில்தான் பழைய காலத்தில் இந்த மிட்டாயைச் செய்தார்கள். அந்தச் செடி நம் செம்பருத்தி, துத்தி, வெண்டை இவற்றின் குடும்பம். வெண்டைக்காயை நறுக்கினால் கையில் இழுபடுகிறதே, அதே வகைக் கொழகொழப்பு. பிறகு வேருக்குப் பதில் ஜெலட்டின் வந்தது. விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருக்கும் புரதத்தைக் காய்ச்சி எடுப்பது அது. சைவம் சாப்பிடும் வீடு என்றால் பொட்டலத்தில் பச்சைக் குறியா, பழுப்புக் குறியா என்று பார்த்து வாங்குங்கள்.

ஜெலட்டின் சுமார் 35 டிகிரியில் உருகிவிடும். உங்கள் வாய்க்குள் 37 டிகிரி. மார்ஷ்மல்லோ நாக்கில் கரைவதன் ரகசியம் இந்த இரண்டு டிகிரிதான்! இதே இரண்டு டிகிரி ஒரு காலத்தில் விஞ்ஞானிகளைப் படாத பாடு படுத்தியது. பெர்லினில் ராபர்ட் கோக் நோய்க்கிருமிகளை வளர்த்து ஆராய்ந்துகொண்டிருந்தார். கிருமிகளுக்குப் படுக்கை ஜெலட்டின். மனித உடலின் சூட்டில் வைத்தால் அது உருகி ஓடியது. அவருடைய ஆய்வகத்தில் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸே 1881இல் தன் மனைவி ஃபேனியிடம் ஒரு கேள்வி கேட்டார்: நீ செய்யும் ஜெல்லி மட்டும் வெயில் காலத்தில் ஏன் உருகுவதில்லை? ஃபேனி அதில் போட்டது அகர் என்னும் கடற்பாசிப் பொருள். ஜாவாவில் இருந்துவிட்டு வந்த அண்டை வீட்டார் சொல்லித் தந்த பக்குவம் அது. அகர் ஒருமுறை உறைந்துவிட்டால் 85 டிகிரி வரை உருகாது. மறு ஆண்டு காசநோய்க் கிருமியைப் பற்றிக் கோக் எழுதிய கட்டுரையில் அகர் இடம்பெற்றது. ஃபேனியின் பெயர் இடம்பெறவில்லை. இன்று உலகம் முழுவதும் ஆய்வகங்களில் கிருமிகள் வளர்வது அகரில்தான். அந்தப் பெயரைச் சொல்லாமல் விட்டது பெரிய அநியாயம் என்று நினைக்கிறேன். நீங்களாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஃபேனி ஹெஸ்ஸே.

அந்த அகர் கிடைக்கும் பாசிகளில் ஒன்று நம் மன்னார் வளைகுடாவில் வளர்கிறது. ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைப் பெண்கள் மூச்சடக்கி மூழ்கிப் பறித்து வரும் மரிக்கொழுந்துப் பாசிதான் அது. மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று கேட்டால் அகரை நீங்களும் வாங்கலாம். அதில் செய்த மார்ஷ்மல்லோ நாக்கில் கரையாது, கடித்துத்தான் சாப்பிட வேண்டும். காரணம் இப்போது உங்களுக்கே தெரியும்.

முட்டையும் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பிரான்ஸ் நாட்டுப் பாடகர் ஜோயல் ரோசெல் 2014இல் ஒன்றைக் கண்டுபிடித்தார். கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர் முட்டை வெள்ளைக் கருவைப் போலவே நுரைக்கிறது! கடலையிலிருந்து தண்ணீரில் இறங்கிய புரதமும் சபோனின் என்ற பொருளும் குமிழிச் சுவரில் போய் நிற்கின்றன. கடலையை இரவு ஊற வைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, உப்பில்லாத புதுத் தண்ணீரில் வேகவிடுங்கள். அந்தத் தண்ணீரிலேயே ஆறவிட்டு, வடித்து, விரலில் வழுவழுவென்று ஒட்டும்வரை சுண்டக் காய்ச்சிக் குளிர வையுங்கள். நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு மின்கடைவியால் பத்து நிமிடம் அடியுங்கள். பொடித்த சர்க்கரையைக் கரண்டி கரண்டியாகச் சேருங்கள். கடலை வாடை போக வெனிலா உதவும்.

எந்த நுரையைச் செய்தாலும், அது நன்றாக ஆறியபின் 100 கிராம் குழைத்த வெண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் பூரணம் வழியாமல் நிற்கும். கேக்குகளும் முழுதாக ஆறியிருக்க வேண்டும். சூடாக இருந்தால் வெண்ணெய் உருகிக் குமிழிகள் போய்விடும். தட்டைப் பக்கத்தில் பூரணத்தை வைத்து மூடி, காகிதத்தில் சுற்றிக் குளிர்பெட்டியில் சில மணி நேரம் விடுங்கள். பூரணத்தின் ஈரம் கேக்குக்குள் இறங்கி இன்னும் மெத்தென்றாகும்.

அடுத்த இதழுக்குள் ஒரு வேலை செய்து அனுப்புங்கள். கொண்டைக்கடலைத் தண்ணீர் நுரையை இரண்டு தம்ளர்களில் சம உயரத்துக்கு நிரப்புங்கள். ஒன்றில் சர்க்கரை சேர்த்த நுரை, மற்றதில் சேர்க்காதது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, அடியில் எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் வடிந்திருக்கிறது என்று அளவுகோலால் அளந்து ஒரு மணி நேரம் குறித்துக்கொண்டே வாருங்கள். குளிர்பெட்டிக்குள் வைத்தால் வடிவது குறைகிறதா, கூடுகிறதா என்பதையும் பாருங்கள். இரண்டு தம்ளர்களின் எண்களையும் கட்டம் போட்டு எழுதி அனுப்புங்கள். உங்கள் வீட்டுச் சமையலறையின் வெப்பநிலையையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.